கரடிகள் இல்லாத காடு

ரஷ்யக் குழந்தைகள் நூறாண்டுக்கும் மேலாகத் தின்றுவரும் ஒரு சாக்லேட் மிட்டாய் இருக்கிறது. அதன் காகிதத்தில் ஒரு காட்சி: முறிந்து சாய்ந்த பைன் மரம், அதன்மேல் ஏறி விளையாடும் கரடிக்குட்டிகள். இவான் இவானோவிச் ஷிஷ்கினின் 'பைன் காட்டில் காலை' என்ற 1889ஆம் ஆண்டு ஓவியத்திலிருந்து எடுத்தது அது. ஷிஷ்கினின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தக் கரடிகளைத் தெரியும். ஆனால் ஓவியத்தில் உள்ள கரடிகளை வரைந்தவர் அவர் இல்லை. அவருடைய நண்பர் கன்ஸ்தந்தீன் சவீத்ஸ்கி வரைந்தார். படம் 4,000 ரூபிளுக்கு விலைபோனது, அதில் நாலில் ஒரு பங்கு சவீத்ஸ்கிக்குச் சேர்ந்தது. முதலில் இருவர் கையெழுத்தும் படத்தில் இருந்தன. அதை வாங்கிய மாஸ்கோ வணிகர் பவேல் த்ரெத்யாகோவ், எண்ணம் முதல் முடிப்பு வரை இது ஷிஷ்கினின் ஓவியம்தான் என்று கருதி சவீத்ஸ்கியின் பெயரை அழித்துவிட்டார்.

சவீத்ஸ்கிக்கு நடந்தது அநியாயம். ஆனாலும் த்ரெத்யாகோவின் கண் தப்பாகப் பார்க்கவில்லை. கரடிகள் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். வேரோடு பெயர்ந்த மரம் தெரியும். அதற்குப் பின்னால் தரை சட்டென்று பள்ளத்தில் இறங்குவது தெரியும். பள்ளத்தில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை; மரங்களின் உச்சியில் மட்டும் வெயில் பட்டுவிட்டது. கீழே இரவும் மேலே பகலும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. கரடிகள் போனதால் படத்தில் எதுவும் குறையவில்லை. குறைந்தது கதை மட்டும்தான். கதையில்லாத, ஆளில்லாத, பெரும்பாலும் ஒரு விலங்குகூட இல்லாத காட்டை ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகள் ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார் என்ற கேள்வியே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஷிஷ்கின் 1832 ஜனவரியில் காமா ஆற்றங்கரையில் உள்ள எலபுகா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. வியாபாரத்தைவிட ஊர்மீதுதான் அவருக்கு ஈடுபாடு அதிகம். எலபுகாவுக்கு மரக்குழாய்களில் குடிநீர் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே ஆற்றோரக் குன்றில் இடிந்து கிடந்த பழைய கோபுரத்தைச் செப்பனிட்டார். சுற்றியிருந்த தொல்மேடுகளின் அகழாய்வில் பங்கெடுத்தார். கடைசியில் ஊரின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதி 1871இல் வெளியிட்டார். மற்றவர்கள் மேடு என்று சொல்லிக் கடந்துபோன இடத்தில் குனிந்து பார்க்கும் பழக்கம் மகனுக்கு அவரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பையன் கரியாலும் சுண்ணத்தாலும் சுவரெல்லாம் வரைந்துகொண்டிருந்தான். வீட்டில் அவனுக்குக் கிறுக்கன் என்று பெயர். கசான் நகரத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். படித்தால் அரசாங்க எழுத்தராகிவிட நேருமோ என்று பயந்து பாதியிலேயே திரும்பிவிட்டான். பிறகு நாலு வருடம் வீட்டில் சும்மா இருந்தான். அந்தச் சும்மா இருத்தலில்தான் எலபுகாவின் பைன் காடுகளுக்குள் அவன் போகாத தடமில்லை என்று ஆனது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா தடுக்கவில்லை. 1852இல் மாஸ்கோவின் ஓவியப் பள்ளிக்கும், 1856இல் பீட்டர்ஸ்பர்க் கலை அகாதமிக்கும் அவர் போனதற்கு அந்த அப்பாவின் சம்மதமே வழி.

லதோகா ஏரியில் வலாம் என்று ஒரு தீவு இருக்கிறது. பாறையும் பைனும் ஒரு மடாலயமும் உள்ள இடம். அகாதமி மாணவர்கள் கோடையில் அங்கே போய் வரைவார்கள். வலாமின் பாறைக்கரையை வரைந்த ஓவியத்துக்குத்தான் ஷிஷ்கினுக்கு 1860இல் பெரிய தங்கப் பதக்கம் கிடைத்தது. அதோடு வெளிநாடு போக உதவித்தொகையும். மியூனிக், சூரிச், ஜெனிவா, டுசல்டோர்ஃப் என்று மூன்று ஆண்டுகள் சுற்றினார். அவருடைய பேனாச் சித்திரங்களைப் பார்த்த ஜெர்மானியர்கள் வியந்தார்கள்; அச்செடுத்த படம் என்று நினைத்தவர்களும் உண்டு. அவருக்கோ ஊர் நினைப்பாகவே இருந்தது. உதவித்தொகைக் காலம் முடியும் முன்பே திரும்ப அனுமதி கேட்டு, 1865இல் ரஷ்யா வந்துவிட்டார். அதற்குப்பின் வெளிநாட்டில் தங்கி வரையும் எண்ணம் அவருக்கு வரவேயில்லை.

அன்றைய ரஷ்யாவில் நிலக்காட்சி என்றால் இத்தாலியக் கடற்கரை, இடிபாடு, பொன்னந்தி. சொந்த நாட்டின் சேறும் சதுப்பும் புல்தரையும் வரையத் தக்கவை என்று யாரும் நினைக்கவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் சிலர் இருந்தார்கள். 1870இல் உருவான பயணக் கண்காட்சிச் சங்கத்தில் அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். ஓவியங்களை ரயிலேற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் அவர்கள் திட்டம். முதல் கண்காட்சி 1871 இறுதியில் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கி, மாஸ்கோ, கீவ், கார்கிவ் என்று நகர்ந்தது. ஷிஷ்கின் அதை நிறுவியவர்களில் ஒருவர். அரண்மனைச் சுவரில் தொங்க வேண்டிய படம் மாகாண ஊரின் பள்ளி ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் முன்னால் வந்து நின்றது. அவர்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டையே அதில் பார்த்தார்கள்.

ஷிஷ்கின் எப்படி வரைவார் என்பதை அவருடைய நண்பர் இவான் க்ராம்ஸ்கோய் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். 1872 கோடையில் லூகா ஊருக்குப் பக்கத்தில் ஷிஷ்கின், க்ராம்ஸ்கோய், சவீத்ஸ்கி மூவரும் சேர்ந்து தங்கினார்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று பயிற்சிப் படங்களை, அதுவும் மிகச் சிக்கலானவற்றை, ஷிஷ்கின் முடித்துவிடுகிறார் என்று க்ராம்ஸ்கோய் கடிதத்தில் வியந்தார். இயற்கைக்கு முன்னால் நிற்கும்போது அவர் தண்ணீரில் விட்ட மீன். தயக்கமில்லை, யோசனையில்லை, எல்லாம் தெரிந்த கை. ரஷ்ய நிலக்காட்சியின் வளர்ச்சிப் பாதையில் ஷிஷ்கின் ஒரு மைல்கல், தனியொருவராகவே ஒரு பள்ளிக்கூடம் என்பதும் க்ராம்ஸ்கோயின் மதிப்பீடுதான். ஓவியர் இலியா ரேப்பின் தன் நினைவுக்குறிப்பில் வேறொரு காட்சியைத் தருகிறார். நண்பர்கள் கூடும் மாலைகளில் ஷிஷ்கின் பேனாவால் வரைய உட்காருவார். காய்ப்புக் காய்த்த முரட்டு விரல்களால் அந்த அழகான படத்தைத் தேய்ப்பார், நசுக்குவார், அழிப்பார். பார்ப்பவர்களுக்குப் பதறும். படமோ அந்தத் தேய்ப்பில் மேலும் அழகாகிக்கொண்டே போகும்.

பார்கோலவோ என்ற ஊரில் அவர் செய்த ஒரு சிறு பயிற்சிப் படம் எனக்கு அவருடைய பெரிய கேன்வாஸ்கள் அளவுக்கே முக்கியம். வேலியோரத்தில் மண்டிக் கிடக்கும் ஒரு களைச்செடிதான் அந்தப் படம் முழுவதும். அதன் அகன்ற இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. சில பழுத்துவிட்டன, சிலவற்றைப் பூச்சி தின்றிருக்கிறது. தோட்டக்காரர்கள் பிடுங்கி எறியும் செடி அது. பேராசிரியர் பட்டம் வாங்கி, நாடறிந்த ஓவியராகிவிட்ட பிறகு, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையும் எந்தக் கோணத்தில் தண்டோடு சேர்கிறது என்று பார்த்திருக்கிறார். தேவதாரு, கருவாலி, பிர்ச் என்று பெயர் சொல்லி அவர் படங்களில் எந்த மரத்தையும் அடையாளம் காட்டலாம். அதன் வயது, எந்தப் பக்கம் வெயில் படாமல் வளர்ந்தது, எந்தக் கிளை எப்போது முறிந்தது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

இதையே அவருக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் சொன்னார்கள். எல்லாம் தெரிகிறது, எதுவும் துடிக்கவில்லை என்றார்கள். நெருங்கிய நண்பரான க்ராம்ஸ்கோயே அதே 1872இல், இயற்கையின் ஓசைக்கும் இசைக்கும் அதிரும் நரம்பு ஷிஷ்கினிடம் இல்லை என்று இளம் ஓவியர் ஃபியோதர் வசீல்யேவுக்கு எழுதினார். பின்னால் வந்த தலைமுறை ஓவியர் குவிஞ்சியின் நிலவொளிக்கு முன்னால் வரிசையில் நின்றது. ஓவியர் லெவிதானின் ஒரு சாம்பல் மாலையைப் பார்த்துக் கண் கலங்கியது. அவர்களோடு ஒப்பிடும்போது ஷிஷ்கின் புகைப்படக்காரர் போலத் தெரிந்தார். அவரிடம் கேமராவும் இருந்தது. குளிர்காலத்தில் வெளியே போக முடியாதபோது கையும் கண்ணும் பழகுவதற்குப் புகைப்படம் நல்ல ஆசிரியர் என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார். குற்றம் சாட்டியவர்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

தமிழ் வாசகருக்கு இந்தக் குற்றச்சாட்டு உடனே புரியும். நம் அகப்பாட்டில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்காகவே இருக்கின்றன. நெய்தல் மணலும் புன்னையும் பிரிந்தவளின் நெஞ்சைச் சொல்வதற்கு அங்கே நிற்கின்றன. நிலம் மனிதனைப் பேசும் என்று பழகிய கண்ணுக்கு, உரிப்பொருளே இல்லாமல் கருப்பொருள் மட்டும் நிறைந்த ஒரு நிலம் காலியாகத்தான் தோன்றும். ஷிஷ்கினின் பைன் காடு யாருடைய பிரிவையும் சொல்வதில்லை. அது பைன் காடாக நிற்கிறது. இது குறையா, அல்லது வேறொரு வகை நிறைவா என்பதைத் தீர்மானிக்க அவருடைய எட்சிங் வேலைகளைப் பார்த்தாக வேண்டும். வண்ணமும் அளவும் தரும் கவர்ச்சி இல்லாமல் அவர் தனியாக அகப்படுவது அங்கேதான்.

எட்சிங் பொறுமைசாலிகளின் வேலை. மெருகேற்றிய செம்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைச் சூட்டில் உருக்கிப் பரப்புவார்கள். புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் கோடு போட்டால் கோடு போன இடத்தில் மட்டும் பூச்சு விலகிச் செம்பு மின்னும். கறுப்பு மீது செம்பொன் கோடுகள். அச்சில் இது தலைகீழாகும்: மின்னியது கறுக்கும், இடது வலதாகும். வரைபவர் இரண்டையும் மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டேதான் கையை ஓட்ட வேண்டும். பிறகு தகட்டை நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். பூச்சு உள்ள இடத்தை அமிலம் தொடாது, கோட்டை மட்டும் அரிக்கும். கொஞ்ச நேரம் அரித்தால் தொலைவில் மங்கும் மரம். தகட்டை எடுத்து, அந்தப் பகுதியை மூடி, மறுபடி இட்டால் நடுத்தர நிழல். இன்னும் அதிக நேரம் அரித்தால் முன்னால் நிற்கும் வேரின் கருமை. அரித்ததைத் திரும்பச் செம்பாக்குவது மிகவும் கடினம். மை பூசி, துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைக்கடியில் அழுத்தும்போதுதான் என்ன செய்திருக்கிறோம் என்பதே தெரியவரும்.

ரஷ்யாவில் இந்தக் கலை அதுவரை பெரும்பாலும் மற்றவர் ஓவியங்களை நகலெடுத்துப் பரப்பும் தொழிலாகவே கருதப்பட்டது. 1871இல் பீட்டர்ஸ்பர்க்கில் எட்சிங் ஓவியர்களின் சங்கம் ஒன்று தொடங்கியபோது ஷிஷ்கின் அதில் சேர்ந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளைச் செய்தார். அவர் யாரையும் நகலெடுக்கவில்லை. சதுப்பு நிலம், காட்டுப் பூக்கள், மழை நின்ற ஆறு, குர்சூஃப் மலை என்று தான் பார்த்ததை நேராகத் தகட்டில் போட்டார். அச்செடுப்பதை ஆட்களிடம் விடாமல் இரவெல்லாம் தானே செய்வார். ஒவ்வொரு முறையும் மையைத் துடைக்கும் விதத்தை மாற்றி, ஓரிடத்தில் நிழலைக் கூட்டி, வானத்தில் வெளிச்சத்தைச் சேர்த்து, ஒரே தகட்டிலிருந்து வேறுவேறு பொழுதுகளை எடுப்பார். எழுத்துகளோடு சேர்த்தே அச்சிடக்கூடிய மேடுக்கோட்டு முறை ஒன்றையும் முயன்று பார்த்தார். அது வெற்றி பெற்றால் படம் சாதாரணப் பத்திரிகை விலையில் எல்லார் வீட்டுக்கும் போகும் என்பது அவர் ஆசை. 1894இல் 'நீவா' வார இதழை நடத்திய பதிப்பாளர் மார்க்ஸ், ஷிஷ்கினின் 60 எட்சிங்குகளைத் தொகுத்து வெளியிட்டார். 1870 முதல் 1892 வரை செய்தவை அவை.

அந்தப் படங்களில் வண்ணத்தின் உதவி கிடையாது. பைனின் பட்டை சொரசொரப்பானது என்று ஒரு கோடு சொல்ல வேண்டும். பாசி மெத்தென்றிருக்கிறது என்று இன்னொரு கோடு சொல்ல வேண்டும். ஈரமான புல்லுக்கும் காய்ந்த புல்லுக்கும் வேறு வேறு கோடு வேண்டும். பொதுவாக ஒரு மரம் என்று வரைந்து தப்பிக்க அங்கே இடமேயில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் குணத்தோடு அறிந்தவரால்தான் அது முடியும். அப்படி அறிவதற்கு எவ்வளவு நேரம் அதன் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மரத்தைப் பார்க்கும் நேரத்தில் தன்னைப் பற்றிய பேச்சை நிறுத்திவைக்காத ஒருவருக்கு அந்தக் கோடுகள் கைவராது.

தன்னைப் பற்றிப் பேச ஷிஷ்கினிடம் ஏராளமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1868இல் அவர் வசீல்யேவின் அக்கா எவ்கேனியாவை மணந்தார். 1872இல் அப்பா இறந்தார். அடுத்த ஆண்டு, மைத்துனரும் தன் கையால் வளர்த்த ஓவியருமான வசீல்யேவ் யால்தாவில் காசநோயால் இறந்தார். அவருக்கு வயது 23. 1874இல் மனைவியும் அதே நோயில் போனார். பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் பிழைக்கவில்லை. லித்யா என்ற மகள் மட்டும் மிஞ்சினாள். ஷிஷ்கின் குடிக்கத் தொடங்கினார். வேலை நின்றது. நண்பர்கள் விலகினார்கள்.

அதிலிருந்து அவர் எழுந்து வந்ததற்கு 'ரை வயல்' சாட்சி. 1877இல் சொந்த ஊரான எலபுகாவுக்குப் போய்வந்த பின், 1878இல் முடித்த ஓவியம் அது. முதிர்ந்து தலைசாய்ந்த கதிர்கள் அடிவானம் வரை கிடக்கின்றன. நடுவே புல் மூடிய ஒரு வண்டித்தடம் உள்ளே போய் மறைகிறது. தரையை ஒட்டித் தகைவிலான் குருவிகள் பறக்கின்றன. வயலுக்குள் காவலுக்கு நிற்பதுபோல நாலைந்து மாபெரும் பைன் மரங்கள். தொலைவில் மழைமேகம் திரள்கிறது. மரங்களில் ஒன்று பட்டுப்போனது. இலையில்லாமல், கிளை முறிந்து, அப்படியே நிற்கிறது. அந்த மரம் அவருடைய துக்கம் என்று விமரிசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் படத்தில் அந்த மரத்துக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. வெளிச்சம் அதன்மேல் கூடுதலாக விழவில்லை. அது மற்ற மரங்களின் வரிசையில் ஒன்றாக, விளைந்த கதிரின் நடுவில் நிற்கிறது. இந்த நிலத்துக்காக அவர் எழுதிவைத்த குறிப்பில் இருப்பதும் விரிந்த வெளி, தானியம், இறைவன் அருள், ரஷ்யாவின் செல்வம் என்ற பொருள்படும் சொற்கள்தாம். துக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல் அதில் இல்லை.

1880இல் தன்னிடம் ஓவியம் கற்ற ஓல்கா லகோதாவை மணந்தார். பூக்களையும் புல்லையும் நுட்பமாக வரையக்கூடிய நல்ல ஓவியர் அவர். 1881இல் மகள் க்செனியா பிறந்து சில வாரங்களில் ஓல்காவும் இறந்தார். ஓல்காவின் சகோதரி வந்து இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்த்தார். இரண்டு ஆண்டு கழித்து ஷிஷ்கின் 'சமவெளி நடுவே' என்ற ஓவியத்தைச் செய்தார். மெர்ஸ்லியாகோவ் எழுதிய, ரஷ்யர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தனிமைப் பாட்டின் தலைப்பு அது. வெட்டவெளியில் ஒற்றைக் கருவாலி மரம். அவர் வாழ்நாளில் மரத்தை மனிதனுக்குப் பதிலாக நிறுத்திய ஒருசில தருணங்களில் அது ஒன்று. அங்கேகூட அந்த மரம் குமுறவில்லை. மேகத்தின் நிழல் சமவெளியில் நகர்ந்து போகிறது, மரம் அகலமாகக் கிளை பரப்பி நிற்கிறது.

க்ராம்ஸ்கோய் சொன்ன நரம்பு ஷிஷ்கினிடம் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டு மனைவியரையும் இரண்டு பிள்ளைகளையும் மண்ணில் வைத்த ஒரு மனிதனுக்கு, இந்தக் காட்டைத் தன் அழுகையால் நிரப்பிவிடுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். பார்ப்பவர்களும் உருகியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யாமல் மரத்தை மரமாக விட்டுவைத்தார். நாம் நேசிப்பதாகச் சொல்லும் பலவற்றில் நம் முகத்தையே தேடுகிறோம். அது கிடைக்காதபோது அலுத்துப் போகிறோம். நம்மை ஒதுக்கி வைத்துவிட்டு எதிரில் இருப்பதை அதன் போக்கில் இருக்கவிட்டு, இறுதிவரை தெரிந்துகொள்வது அதைவிடக் கடினமான நேசம். அந்த நேசத்தில்தான் அவர் ஆறுதலையும் கண்டார் என்று நினைக்கிறேன். காடு அவரைத் தேற்றவில்லை, அவர் துயரத்தைக் காதில் வாங்கவும் இல்லை. அவரில்லாமலும் முழுமையாக இருக்கும் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அது தினமும் காட்டியது. தன் இழப்பே உலகத்தின் எல்லை என்று நினைத்திருந்த மனிதனை மீண்டும் எழுப்பி நடக்கவைக்க அது போதுமானதாக இருந்தது.

இப்படி அறிந்ததை இழக்கும்போதும் தெளிவாகவே தெரியும். 1867இலேயே ஷிஷ்கின் 'காடு வெட்டுதல்' என்று ஓர் ஓவியம் செய்திருந்தார். முன்னால் வெட்டுண்ட அடிமரங்கள், சிதறிய கிளைகள். பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தபின் நிலவுடைமையாளர்கள் காட்டை விற்றுக் காசாக்கினார்கள், ரயில்பாதைகளும் மரம் கேட்டன. முப்பது ஆண்டு கழித்து, 1897இல் வெளியான செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தில் மருத்துவர் ஆஸ்த்ரோவ் ஒரு மாவட்டத்தின் காடு தேய்ந்த வரலாற்றை வரைபடம் போட்டுக் காட்டுகிறார். அடுத்த ஆண்டு ஷிஷ்கினின் கடைசிப் பெரிய ஓவியமான 'கப்பல் தோப்பு' கண்காட்சிக்கு வந்தது. எலபுகாவுக்குப் பக்கத்தில் உள்ள அஃபொனாசவோ தோப்பு அது. பாய்மரக் கம்பத்துக்கு ஏற்ற நெட்டைப் பைன்கள். மகா பீட்டர் காலத்திலிருந்தே கடற்படைக்காகக் காக்கப்பட்ட மர வகை. 1898இல் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. பாய்மரத்துக்காகக் காக்க வேண்டிய காரணம் போய்விட்டது. ஓவியத்தில் அந்த மரங்கள் எதற்காகவும் நிற்கவில்லை. வெயில் அவற்றின் தண்டில் செம்மையாக ஏறுகிறது, வேருக்கு அடியில் ஓர் ஓடை கசிந்து ஓடுகிறது. சிறுவயதில் அவர் சும்மா சுற்றித் திரிந்த காடுகளில் ஒன்றை, 66 வயதில், இரண்டரை மீட்டர் அகலக் கேன்வாஸில் ஒரு மரம் விடாமல் எழுதிவைத்தார்.

அந்தக் கண்காட்சி நடந்த அதே ஆண்டு மார்ச் 20ஆம் தேதி, பழைய நாட்காட்டியில் மார்ச் 8, அவர் தன் வேலையறையில் 'காட்டரசு' என்ற புதிய ஓவியத்தைத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் இன்னொரு நிலைச்சட்டத்தில் வரைந்துகொண்டிருந்தவர் அவருடைய மாணவர் கிரிகோரி குர்கின். ஷிஷ்கினின் தலை சாய்வதைப் பார்த்து ஓடிவந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

குர்கின் தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலைநாட்டுக்காரர். அல்தாய்ப் பழங்குடியில் பிறந்து, ஊரில் சாமிப்படம் எழுதிப் பிழைத்தவர். அகாதமியில் சேரும் கனவோடு 1897இல் பீட்டர்ஸ்பர்க் வந்தார். அதற்கு வேண்டிய படிப்பு அவரிடம் இல்லை. ஷிஷ்கின் அவரைத் தன் வேலையறைக்கே அழைத்துக்கொண்டார். சில மாதங்கள்தான் அந்தப் பாடம் நடந்தது. ஆனால் குர்கின் அதன்பின் வரைந்தவற்றில் எலபுகாவின் பைன் காடு இல்லை. அவர் அல்தாய்க்குத் திரும்பி, கதூன் ஆற்றையும் பனிமுகடுகளையும் ஏரிகளையும் தன் மக்களின் குடில்களையும் வரைந்தார். 1907இல் 'கான் அல்தாய்' என்ற பெரிய ஓவியத்தைச் செய்தார். ஆசிரியரின் பாணியை நகலெடுத்திருந்தால் அவர் ஒரு சின்ன ஷிஷ்கினாக நின்றிருப்பார். அவர் கற்றுக்கொண்டது, தன் நிலத்தின் முன்னால் எப்படி நிற்பது என்பதை. ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் பொய்க் குற்றச்சாட்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஓவியங்கள் கோர்னோ-அல்தாய்ஸ்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அல்தாய் மக்கள் இன்றும் தங்கள் மலைகளை அவர் கண்ணால் பார்க்கிறார்கள்.

1891இல் கலை அகாதமியில் ஷிஷ்கினும் ரேப்பினும் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஷிஷ்கின் அதில் வைத்தவற்றில் பெரும்பகுதி முடிந்த ஓவியங்கள் அல்ல. நாற்பது ஆண்டுப் பயிற்சிப் படங்கள், பென்சில் சித்திரங்கள், எட்சிங்குகள் என்று 600க்கும் மேல். ஒரு கிளை, ஒரு பாறை, ஒரு பிடி புல். தான் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பதை ஒளிக்காமல் மக்கள் முன் வைத்துவிட்டார். ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்பேன். ஷிஷ்கினைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது பெரிய கேன்வாஸ்களிலிருந்து தொடங்காதீர்கள். பார்கோலவோவின் களைச்செடியையும் அறுபது எட்சிங்குகளையும் முதலில் காட்டுங்கள். அதன்பின் அவர்களை வெளியே கூட்டிப்போய், வகுப்பறைக்குப் பின்னால் என்ன செடி முளைத்திருக்கிறதோ அதன் முன்னால் உட்காரவைத்து, போதுமான நேரம் கொடுங்கள்.